கட்டம்மா வரைந்த விளக்கு

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அலுவலகத்தில் எல்லோரும் கட்டம்மா என்றே கூப்பிட்டார்கள். எந்த இணையதளமானாலும் கணினியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டுக்கொண்டு பென்சிலால் கட்டம் கட்டமாக வரைவாள். இங்கே தலைப்பு, இங்கே எழுத்து, இந்த ஓரத்தில் பொத்தான். யாராவது அவசரப்படுத்தினால், "சுவர் எங்க வருதுன்னு தெரியாம ஜன்னலுக்கு வர்ணம் அடிக்கச் சொல்றீங்களா?" என்பாள். முதலில் கேலியாகத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். முதலாளியே மின்னஞ்சலில் 'கட்டம்மாவிடம் கேட்கவும்' என்று எழுத ஆரம்பித்த பிறகு அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

மூக்கு நுனியில் கோபம் என்பார்களே, அப்படிப்பட்டவள். ஆனால் அவள் கோபம் மனிதர்கள் மேல் வந்ததைவிடப் பொருள்கள் மேல் வந்ததுதான் அதிகம். 'தள்ளவும்' என்று எழுதிய கதவை இழுத்துத் திறக்க வேண்டியிருந்தால், கடைக்குள் போய் மேலாளரைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டுத்தான் வருவாள். பணம் எடுக்கும் இயந்திரம் ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டால் அதனோடு சத்தமாகச் சண்டை போடுவாள். பின்னால் நிற்கிறவர்கள் வேறு வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். அவளுடைய அக்கா புருஷன் பஸ் ஓட்டுநர், எதற்கும் சிரிக்கிற மனுஷர். "உன் தங்கச்சியோட கடைக்குப் போனா, முதல்ல வழக்கு முடியணும், அப்புறம்தான் சாமான்" என்று அக்காவிடம் சொல்வார்.

கட்டம்மா வேலை பார்த்தது ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில். கண்ணாடிக் கடைக்கு மேலே, நீளமான ஓர் அறை. அந்தக் கம்பெனியின் பழைய சரக்கு ஒன்று இருந்தது: வேதாகமம் படிப்பவர்களுக்கான ஒரு மென்பொருள். வசனத்தைத் தேடலாம், இரண்டு மொழிபெயர்ப்பை அருகருகே வைத்துப் பார்க்கலாம், விளக்கவுரை படிக்கலாம், குறிப்பு எழுதலாம். எல்லாம் இருந்தது. ஆனால் திறந்தால் விமானியின் முன்னால் இருக்கும் பலகை மாதிரி முகத்தில் அறையும். எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்று செய்தவர்களுக்கே மறந்துபோயிருந்தது. பழைய கணினிகளில் மட்டுமே ஓடும். அதை இணையத்துக்குக் கொண்டுவர வேண்டும், கைபேசியிலும் படிக்க முடிய வேண்டும், முகம் முழுவதையும் புதிதாக வரைய வேண்டும் என்று முதலாளி கட்டம்மாவிடம் ஒப்படைத்தார்.

அவள் பக்திமான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்குவதைத்தான் மதமாக வைத்திருந்தாள். வீட்டில் பக்தி அக்காவுக்கு. அக்கா ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள். வேலை முடிந்து வந்து முகம் கழுவி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, வாய் மெல்ல அசைய அசைய ஒரு அதிகாரம் படிப்பாள். கட்டம்மா நேராக அவளிடம் போனாள்.

"அக்கா, நீ எப்படிப் படிப்ப?"

"இது என்னடி கேள்வி? கண்ணாலதான்."

"இல்லக்கா, எங்க ஆரம்பிப்ப, எப்ப பக்கம் திருப்புவ, எதைத் தேடுவ? நான் பார்க்கணும்."

"அப்படின்னா புதன்கிழமை சாயந்தரம் எங்க கூட்டத்துக்கு வா. பேசாம உட்காரணும், சொல்லிட்டேன். கதவு சரியில்ல, பெஞ்சு சரியில்லன்னு ஆரம்பிச்ச, நான் உன்னைத் தெரியாதவ மாதிரி எழுந்து போயிடுவேன்."

சபைக் கட்டடத்தை ஒட்டி ஒரு கூடம். கட்டம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். நேர்கோட்டில் படிக்கிறவர் ஒருவர்கூட இல்லை. ஒரு பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கத்துக்குத் தாவுகிறார்கள். அங்கே பார்த்துவிட்டு விரல் இருக்கும் இடத்துக்குத் திரும்புகிறார்கள். சிலருக்கு ஒரே சமயத்தில் மூன்று இடத்தில் விரல். ஓரத்தில் பென்சிலால் கிறுக்குகிறார்கள். ஒரு அம்மா மட்டும் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டார்கள்.

அடுத்த நாள் தாளை எடுத்துக் கட்டம் போட்டபோது அவளுக்கு வேலை தானாக ஓடியது. இருக்கிற இடத்தை விடாமல் வேறொரு வசனத்தைப் போய்ப் பார்த்துவிட்டு ஒரே தட்டில் திரும்பிவருகிற மாதிரி ஒரு வசதி வைத்தாள். அதற்கு 'விரல்' என்று பெயர் போட்டாள். புரோகிராமர் சிரித்தான். "புக்மார்க்னு போடுங்க, எல்லாருக்கும் தெரியும்" என்றான். "எல்லாருக்கும் விரலும் தெரியும்" என்றாள். ஓரத்தில் குறிப்புக்கு அகலமாக இடம் விட்டாள். வரியின் கடைசியில் ஒரு சொல் உடைந்து ஒற்றை மெய்யெழுத்து மட்டும் அடுத்த வரியில் அநாதையாக விழுந்தது. அந்தக் கோளாறோடு பல நாள் மல்லுக்கட்டினாள். ஆள் பெயரைத் தேடினால், வேற்றுமை உருபு ஏறிய வடிவத்திலும் அது கிடைக்க வேண்டும் என்று புரோகிராமரின் பிராணனை வாங்கினாள்.

அக்காதான் முதல் சோதனை. கைபேசியில் திறந்து கொடுத்தாள்.

"இந்த நம்பர் ஏன்டி இவ்வளவு பெருசா இருக்கு? நான் நம்பரையா படிக்க வந்தேன்?"

வசன எண்கள் சிறுத்தன.

"இந்த மூலையில என்னமோ மினுக்குதே?"

மினுக்கல் போனது. ஒரு நாள் அக்கா பேசாமல் படித்துக்கொண்டே இருந்தாள். கட்டம்மா பொறுக்க மாட்டாமல், "என்னக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?" என்று கேட்டாள்.

"சும்மா இரு. படிச்சிட்டிருக்கேன்."

அதைவிடப் பெரிய சான்றிதழ் கட்டம்மாவுக்கு அவள் தொழிலில் அதுவரை கிடைத்ததில்லை. அக்காவின் சபையில்தான் முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். போதகர் எல்லாருக்கும் கணக்கு திறந்து கொடுத்தார். பஸ் ஓட்டுகிற அத்தான்கூட டிப்போவில் வண்டி ஏறுவதற்கு முன்னால் ஒரு பக்கம் படிப்பதாகச் சொன்னார். "எல்லாம் உன் விரல் புண்ணியம்" என்றார்.

அப்போதுதான் ஆலோசகர் வந்து சேர்ந்தார்.

கைபேசி விளையாட்டுகள் செய்யும் இடத்தில் பெயர் வாங்கியவர். நன்றாக உடுத்துவார், நன்றாகப் பேசுவார், கேட்கிறவர் தலையாட்டும் வரைக்கும் கண்ணை எடுக்கமாட்டார். படிக்கிறவர்களை அவர் படிக்கிறவர்கள் என்று சொல்லவே இல்லை, யூசர்கள் என்றார். முதலாளி அவரை அழைத்ததற்குக் காரணம், நிறைய சபைகள் சேர வேண்டும், சேர்ந்தவர்கள் தினமும் திறக்க வேண்டும் என்பதுதான்.

"டிசைன் அழகா இருக்கு மேடம்" என்றார் கட்டம்மாவிடம். "ஆனா ரொம்ப அமைதியா இருக்கு. ஒருத்தர் ஒரு வாரம் வரலைன்னா இது என்ன செய்யுது? ஒண்ணுமே செய்யலை. சும்மா காத்துட்டிருக்கு."

"புத்தகம் அப்படித்தான் சார் காத்திருக்கும்."

"அதனாலதான் புத்தகத்தை யாரும் படிக்கிறதில்ல."

அவர் யோசனை இது. ஒவ்வொருவர் திரையிலும் ஒரு விளக்கு. தினமும் ஒரு அதிகாரம் முடித்தால் அது எரியும், விடாமல் படிக்கப் படிக்கச் சுடர் வளரும். ஒரு நாள் தவறினால் மங்கும், இன்னும் தவறினால் அணைந்துவிடும். அணைந்தவுடன் ஒரு செய்தி போகும். சபைக் கூடத்தில் ஒரு டிவி. அதில் யார் எத்தனை அதிகாரம் முடித்தார்கள் என்று வரிசை. மேலே இருப்பவர்களுக்குப் பொன்னிறம், கீழே இருப்பவர்களுக்குச் சிவப்பு.

கட்டம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் சார், ஜெபம் பண்றதுக்கும் மார்க் போடுவீங்களா?"

"அது அடுத்த வெர்ஷன்ல" என்றார் ஆலோசகர். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார்.

அவள் வரைய மாட்டேன் என்றாள். முதலாளி தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுஷர்தான். குரலை உயர்த்தத் தெரியாதவர். "நீங்க வரையலைன்னா வேற யாராவது வரைவாங்கம்மா. அசிங்கமா வரைவாங்க. நீங்க வரைஞ்ச பக்கத்துல அது உட்காரணுமா?" என்றார். அந்த இடத்தில் அவள் வழுக்கினாள். தான் கட்டிய வீட்டில் இன்னொருவர் கோணல் ஜன்னல் வைப்பதைப் பொறுக்க முடியாத தொழில் கர்வம். முறைத்துக்கொண்டே உட்கார்ந்து வரைந்தாள். சின்ன விளக்கு, மெல்லிய சுடர், உறுத்தாத மஞ்சள். அழகாகவும் வந்துவிட்டது. ஆலோசகர் அதற்கு இரண்டு கண் வைத்தார். அணையும்போது அந்தக் கண்களிலிருந்து நீர் சொட்டும்படி செய்தார். கட்டம்மா சண்டை போட்டும் அந்தக் கண்களை நீக்க வைக்க முடியவில்லை.

சபைகள் சேர்ந்தன, அதை மறுக்க முடியாது. முதலாளி இனிப்பு வாங்கி வந்து மேசை மேசையாகக் கொடுத்தார். கட்டம்மா சர்க்கரை ஆகாது என்று பொய் சொன்னாள்.

சில மாதம் கழிந்திருக்கும். அத்தான் ஒரு மத்தியானம் வண்டியை டிப்போவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார், சாவியைக் கொடுத்தார், ஓய்வறை பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். அவ்வளவுதான். நோய் நொடி என்று ஒரு நாள் படுத்தவர் இல்லை. அக்கா ஆஸ்பத்திரிச் சலவையறையில் இருந்தாள். அதே ஆஸ்பத்திரிக்குத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். அவள் கையால் மடித்து வைத்த விரிப்பைத்தான் அவர் மேல் போர்த்தியிருந்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, வீட்டில் ஜனம் நிறைந்திருந்தது. நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிப் போட்டிருந்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுகை வற்றிப்போய், யார் வந்தாலும் தலையை மட்டும் அசைத்தாள். கைபேசி பக்கத்தில் கிடந்தது. துக்கம் விசாரிக்கிறவர்கள் கூப்பிடுவார்கள் என்று யாரோ அவள் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அது ஒரு தரம் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பிறகு கட்டம்மா பக்கம் நீட்டினாள்.

"உன் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கு."

திரையில் அந்த விளக்கு. கண்களில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே எழுத்து:

'அன்புச் சகோதரி! உங்கள் விளக்கு அணைந்துவிட்டது! இன்றே மீண்டும் ஏற்றுங்கள்!'

பக்கத்திலிருந்த சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, எந்தப் பாவி இப்படி அனுப்புறான்?" என்று வாயில் அடித்துக்கொண்டாள். தமிழ் தெரிந்த எவருக்கும் அந்த வாக்கியம் அந்த வீட்டில், அந்தக் காலையில், என்ன சொல்கிறது என்று தெரியும். அதை எழுதியவருக்குத் தெரியவில்லை. எழுதும்போது ஒரு நிமிஷம் நின்று, இதை யார் எந்த நிலையில் படிப்பார்கள் என்று நினைத்திருந்தால் தெரிந்திருக்கும். நினைக்கவில்லை. அந்த விளக்கின் வளைவும் திரியின் கோணமும் அவள் கை வேலை என்பதை அவளால் மறுக்க முடியவில்லை.

"அக்கா..." என்றாள்.

"ஒண்ணும் சொல்லாத. எடுத்து அந்தப் பக்கம் வை."

வேலைக்குத் திரும்பிய அன்று கட்டம்மா தன் இடத்துக்குப் போகவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே முதலாளி அறைக்குள் நுழைந்தாள். ஆலோசகரும் அங்கே இருந்தார். நடந்ததைச் சொன்னாள். முதலாளி முகம் கறுத்தது. தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். "ஐயோ, என்னம்மா இது... ரொம்ப வருத்தமா இருக்கு. அக்காகிட்ட நான் நேர்ல வந்து மன்னிப்புக் கேட்கறேன்" என்றார்.

"மன்னிப்பு வேண்டாம் சார். விளக்கை எடுங்க."

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "ரொம்ப சாரி மேடம். ஆனா அது ஆட்டோமேட்டிக். யாரும் வேணும்னு அனுப்பலை."

"வேணும்னு அனுப்பியிருந்தாலாவது ஒரு மனுஷன் மேல கோபப்படலாம் சார். இப்ப நான் யார் மேல கோபப்படறது?"

"நீங்க உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க, நியாயம்தான். ஆனா பாருங்க, அந்த மெசேஜ் போனா பாதிப் பேர் திரும்பி வர்றாங்க. இதுக்கு ஒரு வழி இருக்கு." அவர் முகம் பிரகாசமானது. "ஒரு பட்டன் வைக்கலாம். 'எனக்குத் துக்கம்' அப்படின்னு. அமுக்கினா விளக்கு கொஞ்ச நாளைக்கு அணையாம அப்படியே நிக்கும். மெசேஜ் வராது. அப்புறம் தானா திரும்ப ஆரம்பிச்சிடும்."

கட்டம்மா அவரையே பார்த்தாள். "புருஷன் செத்த வீட்டுல பொம்பளை முதல் வேலையா உங்க பட்டனைத் தேடி அமுக்கணும்?"

"ஒரு ஆப்ஷன்தானே..."

"கொஞ்ச நாள்னா எத்தனை நாள் சார்? துக்கத்துக்கு நீங்க லீவு குடுப்பீங்களா? அது முடிஞ்சா மறுபடி கண்ணீர் விட்டுட்டு உங்க பொம்மை வந்து நிக்குமா? நான் வரையறேன் சார், சொல்லுங்க. அந்தப் பட்டன் என்ன நிறத்துல வேணும்?"

அறைக்கு வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. முதலாளி, "யோசிக்கலாம், யோசிக்கலாம்" என்றார். 'யோசிக்கலாம்' என்று அவர் சொன்ன எதுவும் அந்த அலுவலகத்தில் நடந்ததில்லை.

அக்கா ஒரு மாதத்துக்குப் பிறகு புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போனாள். தனியாக விட மனமில்லாமல் கட்டம்மாவும் போனாள். கூடத்துச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மேலே பொன்னிறத்தில் இரும்புச் சாமான் கடைக்காரர் பெயர். எல்லாருக்கும் கீழே, சிவப்பில், அக்கா பெயர். பக்கத்தில் 'முன்னேற்றம் இல்லை' என்ற சொற்கள்.

அக்கா அதைப் பார்த்தாள். போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். கட்டம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். பெண்கள் குழுவின் தலைவி வந்து அக்கா தோளில் கை வைத்தாள். கெட்டவள் இல்லை. அக்கா வீட்டுத் துக்கத்துக்கு வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்தவள். ஆனால் டிவி சொன்னதை அவளும் நம்பிவிட்டாள்.

"சோர்ந்து போயிடாதீங்க சிஸ்டர். நீங்க எப்படிப் படிக்கிறவங்க! இப்ப பாருங்க, கடைசில நிக்கிறீங்க. தினம் ஒரு அதிகாரம், எப்படியாவது முடிச்சிடுங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

கட்டம்மா எழுந்துவிட்டாள். வாயைத் திறப்பதற்குள் அக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தானே எழுந்தாள். ஒருநாளும் கூட்டத்தில் குரலெடுத்துப் பேசாதவள் அவள். பதில் தெரிந்தால்கூடப் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லி அவரைச் சொல்லவைப்பாள்.

"நான் படிக்கிறதை விடலை" என்றாள். "அவர் போனதுல இருந்து வேதத்துல ஒரே ஒரு சங்கீதத்தைத்தான் படிக்கிறேன். அதுலயும் பாதிக்கு மேல என்னால போக முடியலை. அந்த இடம் வந்தா கண்ணு மறைக்குது. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன். காலையில ஒரு தடவை, பஸ்ஸுல ஒரு தடவை, துணி மடிக்கிறப்ப மனசுக்குள்ள. என் ஆயுசுல நான் இவ்வளவு படிச்சதே இல்ல. அந்த டிவி என்னடான்னா முன்னேற்றம் இல்லைங்குது. எங்க முன்னேறணும் நான்? அவரை விட்டுட்டு எங்க போகச் சொல்றீங்க?"

தலைவி தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"கடவுள் என்னை அவசரப்படுத்தலை. எனக்கு அது நல்லாவே தெரியுது. அவர் பேசாம பக்கத்துல உட்கார்ந்திருக்கார். இந்த டிவிதான் விரட்டுது. வீட்டுல அந்த விளக்கு விரட்டுது. நான் என்ன ஓட்டப்பந்தயத்துக்கா பேர் குடுத்தேன்?"

இரும்புச் சாமான் கடைக்காரர் நெளிந்தார். இருமினார். பிறகு எழுந்து நின்றுவிட்டார். பெரிய உருவம், முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஒண்ணு சொல்லிடறேன். அந்த முதல் இடத்துல என் பேர் இருக்கே, அதை யாரும் பெருசா எடுத்துக்காதீங்க. நான் கட்டைவிரலாலதான் படிக்கிறேன். கல்லாவுல உட்கார்ந்து ஆணி நிறுத்துக்கிட்டே திரையைத் தள்ளிவிட்டுட்டே இருப்பேன். கடைசி வரி வந்தா அது முடிச்சதா எடுத்துக்குது. கை வலிச்சா என் வீட்டுக்காரிகிட்ட குடுப்பேன், அவ தள்ளுவா."

அவர் மனைவி பின் பெஞ்சிலிருந்து, "என்னையும் சேர்த்து மாட்டிவிடுங்க" என்றாள். கூடம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள், அத்தான் போன பிறகு முதல் தடவையாக. சிரிப்பு அடங்குவதற்குள் இன்னும் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். விளக்கு அணைந்துவிடும் என்று பிரசவ அறையிலிருந்து படித்த கதை ஒன்று. காய்ச்சலில் கிடந்தபோது மகளை விட்டுத் தள்ளச் சொன்ன கதை ஒன்று. ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடுகிற அம்மா மட்டும், "எனக்கு வரிசையில பதினோராவது இடத்துல இருந்து ஏழாவது இடத்துக்கு வரணும்னு ஆசை வந்திடுச்சு. போன வாரம் எதைப் படிச்சேன்னு கேட்டா சொல்லத் தெரியலை" என்று சொல்லிவிட்டு அழுதேவிட்டார்கள்.

போதகர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் சுவரோரம் போய் டிவியின் ஒயரைப் பிடுங்கினார். "இதை இங்க மாட்டச் சொன்னது நான்தான்" என்றார். "வாங்கி மாட்டறப்ப நல்லதுன்னு நினைச்சேன். சிஸ்டர், உங்க பேரை அந்த நிறத்துல போட்டு வச்சதுக்கு நான்தான் பொறுப்பு." அக்கா தலையசைத்தாள். அன்றைக்கு அவர் வைத்திருந்த பாடத்தை விட்டுவிட்டு, அந்தச் சங்கீதத்தையே எல்லாருமாகப் படித்தார்கள். அக்கா நிற்கிற இடத்தில் நின்றார்கள். அதற்கு மேல் போகவில்லை.

அடுத்த வாரம் போதகர் கம்பெனிக்கு எழுதினார்: எங்களுக்கு விளக்கு வேண்டாம், வரிசை வேண்டாம், மற்றதெல்லாம் வேண்டும். தமக்குத் தெரிந்த மற்றப் போதகர்களிடமும் சொன்னார். அவர்களில் சிலரும் எழுதினார்கள். சிலர் எங்களுக்கு விளக்கு பிடித்திருக்கிறது, எடுத்துவிடாதீர்கள் என்றும் எழுதினார்கள். முதலாளி தராசு முள் மாதிரி ஆடினார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். விளக்கு இருக்கும், வேண்டாதவர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

"பாதியாவது கிடைச்சுதேம்மா" என்றார் கட்டம்மாவிடம். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. நிறுத்தும் பொத்தானை வரைந்து கொடுத்தாள். முதல் பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஒரு தட்டில் நிற்கும்படி.

வெளியிடுவதற்கு முந்தின நாள் சரிபார்க்கத் திறந்தாள். பொத்தானைக் காணோம். தேடினாள். அமைப்புகளுக்குள் போய், அதற்குள் 'கணக்கு', அதற்குள் 'பிற' என்று ஒரு பொந்துக்குள் அது கிடந்தது. தட்டினாள். நிற்கவில்லை. கண்ணீர் சொட்டும் விளக்கு வந்தது. கேள்வி வந்தது: 'உண்மையிலேயே உங்கள் விளக்கை அணைக்க விரும்புகிறீர்களா?' கீழே இரண்டு பொத்தான். ஒன்று பச்சையில் பெரிதாக: 'இல்லை, நான் ஒளியில் நடப்பேன்.' மற்றது வெளிறிய சாம்பலில், அக்காவின் கண்ணாடிக்கு எட்டாத பொடி எழுத்தில்: 'ஆம், அணைத்துவிடு.'

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தத்தில் புரோகிராமர் திரும்பினான். "நான் சொன்னேன் மேடம், வேண்டாம்னு. ஆலோசகர் கேட்கலை" என்றான். அவன் சொல்லியிருப்பான் என்பதை அவள் நம்பினாள்.

முதலாளி அறையில் இந்தத் தடவை அவள் கத்தவில்லை. கைபேசியை அவர் மேசையில் வைத்தாள். "இதை அமுக்கிப் பாருங்க சார்" என்றாள்.

அவர் அமுக்கினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நிறுத்தணும்னு நினைக்கிறவங்க நிறுத்திடலாம்தானே..."

"எங்க அக்கா இதை அமுக்கினா, அவளே தன் கையால அணைச்ச மாதிரி ஆகுது. அவளை அப்படிச் சொல்ல வைக்கிறீங்க. படிக்க வந்தவங்களை இருட்டுக்குப் போறவங்கன்னு சொல்றீங்க. எதுக்கு? நாளைக்கும் திறக்கணும்னு. கடவுள் பேரைச் சொல்லி மிரட்டறதுக்கு நான் வரைஞ்ச கோட்டையும் என் எழுத்தையும் எடுத்துக்கிட்டீங்க. முதல் தடவை வரைஞ்சு குடுத்தேன். அது என் தப்பு. ரெண்டாவது தடவை கிடையாது."

"அவசரப்படாதீங்க. ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க."

"துக்கப் பட்டன் மாதிரியா சார்?"

அவள் அன்றே வேலையை விட்டாள். விலகல் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதினால் நல்லது, அடுத்த இடத்தில் கேட்டால் சங்கடம் இருக்காது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். "சொந்தக் காரணம் ஒண்ணும் இல்ல. பொதுக் காரணம்தான்" என்று சொல்லி, அந்தப் பச்சைப் பொத்தானில் இருந்த வாக்கியத்தையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சில காலம் வேலையில்லாமல் இருந்தாள். நேர்காணலுக்குப் போன ஒரு இடத்தில், பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். சொன்னாள். கேட்ட பெண் சங்கடமாகச் சிரித்து, "எங்க கணக்குப் பாட ஆப்ல ஒரு முயல் அழும்" என்றாள். கட்டம்மா பையை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பிறகு பொது நூலகங்களுக்கான இணையதளம் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே யாரும் யாரையும் விரட்டுவதில்லை. புத்தகம் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் மட்டும் ஒரு வரி போகும். அந்த வரியை எப்படி எழுதுவது என்று இரண்டு வாரம் எல்லாரையும் படுத்தினாள்.

அக்கா சபையில் எல்லாருக்கும் சேர்த்துப் போதகர் உட்கார்ந்து, அந்தப் பொந்துக்குள் போய், ஒவ்வொரு கைபேசியிலும் சாம்பல் பொத்தானை அமுக்கிக் கொடுத்தார். மற்ற ஊர் சபைகளில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அணைந்துகொண்டும் இருக்கிறது. இந்த நிமிஷம் எந்த வீட்டில் எந்தப் பெண்ணின் கையில் அது கண்ணீர் விடுகிறதோ தெரியாது.

முதலாளி ஒரு நாள் நலம் விசாரிக்கக் கூப்பிட்டார். அக்கா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். கம்பெனி பெரிய இடத்துக்கு மாறியதைச் சொன்னார். பிறகு சிரித்தபடி, "என்னம்மா, கோபமெல்லாம் தணிஞ்சுதா?" என்றார்.

"இல்ல சார்" என்றாள்.

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடியும் சொன்னாள்.

"இல்ல சார். தணியலை."

எதிரே உட்கார்ந்து வேலைக்குப் போகத் தலை வாரிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். போனை வைத்த பிறகு, "இன்னுமாடி?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா சீப்பை வைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.